கடல்தாண்டி வந்த தேயிலை

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், லண்டனிலிருந்து ஊர் வந்திருந்த அயல்வீட்டுப் பிள்ளையொருவர் என் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொன்னார். கையில் சிறியதொரு பொதி. "உங்கட மருமகன் தந்துவிட்டார்" என்று அதை நீட்டிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் (நோன்பாயிற்றே!) போய்விட்டார். இஃப்தாருக்குப் பின்னர் அதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மூன்று காகித உறைகள். மூன்றிலும் தேயிலை.

கொல்லர் தெருவில் ஊசி விற்பது பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இலங்கைக்குத் தேயிலை அனுப்பிய முதல் ஆள் என் தங்கையின் மகனாகத்தான் இருப்பான் என்று மனைவி சொன்னாள். அவள் இன்றுவரை அந்தக் கருத்திலிருந்து மாறவில்லை.

விடயம் இதுதான். லண்டனில் மருமகன் வேலை செய்யும் கணக்காய்வு அலுவலகத்தில் அவனுக்குப் பக்கத்து மேசைக்காரர் ஓர் ஆங்கிலேயர். மாதாமாதம் சந்தா கட்டி, அதிகம் பெயர் கேள்விப்படாத நாடுகளின் திராட்சை மதுவை வருவித்துக் குடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. ஒரு மாதம் மோல்டோவா, மறுமாதம் லெபனான், அதற்கடுத்து உருகுவே. திங்கட்கிழமை காலையில் அந்த நாட்டின் மலை, மழை, சரித்திரம் எல்லாவற்றையும் அவர் ஒப்புவிப்பாராம். குடியைத் தொடாத மருமகனுக்குக் கதைகளில் மட்டும் ஆசை வந்துவிட்டது. நமக்கு ஹலாலான ஒன்றில் இப்படி இல்லையா என்று தேடியபோது தேயிலையில் இருந்தது. பிரபலமான நாடுகளை விட்டுவிட்டு, மாதம் ஒரு நாட்டிலிருந்து இரண்டோ மூன்றோ வகை. கூடவே, எந்தத் தோட்டம், எப்போது பறித்தது என்று குறிப்பெழுதிய ஓர் அட்டை. பாதியைத் தான் வைத்துக்கொண்டு மீதியை ஊருக்கு வருவோர் கையில் எனக்கு அனுப்பத் தொடங்கினான். "மாமா, நீங்க எதைக் கண்டாலும் எழுதுற ஆள்தானே, இதையும் குடிச்சிட்டு எழுதுங்க" என்றான்.

தபாலில் அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். வெளிநாட்டுத் தேயிலை இலங்கைக்குள் வருவது இலேசான காரியமன்று. தேயிலைச் சபையின் அனுமதி, சுங்கத்தின் கேள்விகள் என்று வழிநெடுகப் படலைகள். நம்முடைய தேயிலையின் பெயர் கெட்டுவிடக்கூடாது என்பதற்காகப் போட்ட வேலி அது, நியாயமான வேலிதான். ஆகவே ஐம்பது கிராமும் நூறு கிராமுமாக, உடுப்புகளுக்கிடையில் மடிந்து, சில மாதங்களில் மூன்று பெட்டியும் சில மாதங்களில் ஒன்றுமில்லாமலும் அவை கல்முனை வந்து சேருகின்றன. சுங்க அதிகாரிகள் எவரும் இதைப் படிப்பதில்லை என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

எனக்குத் தேயிலை பற்றி என்ன தெரியும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடங்களுக்கு மேல் பத்திரிகையில் இருந்தவன். தேயிலை ஏல விலைகள், ஏற்றுமதி வருமானம், தோட்டத் தொழிலாளரின் சம்பளப் போராட்டங்கள் என்று எத்தனையோ செய்திகளுக்குத் தலைப்பிட்டிருக்கிறேன். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததற்கு முன்னர், அந்த ஆயிரத்தைப் பற்றி மாத்திரம் ஒரு சிறு புத்தகமளவு எழுதியிருப்பேன். ஆனால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணிடமாவது இந்தக் கொழுந்துக்கும் அந்தக் கொழுந்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதில்லை. குடித்ததெல்லாம் மூன்று கரண்டிச் சீனியின் சுவை. ஆறு வருடங்களுக்கு முன்னர் சீனி வியாதி என்று வைத்தியர் தீர்ப்பளித்த பின்புதான், ஐம்பது வயது தாண்டி, தேயிலைக்கென்று ஒரு சுவை உண்டு என்பதே என் நாவுக்குத் தெரியவந்தது. முதல் மாதம் அது வெறும் கசப்பு. இரண்டாவது மாதம் துவர்ப்பும் கசப்பும் வேறுவேறு என்று புரிந்தது. அதற்குப் பிறகு கடைத் தூளைக் குடிப்பது கஷ்டமாகிவிட்டது.

நம் பகுதியில் விற்பது பெரும்பாலும் 'டஸ்ட்' எனப்படும் தூள். நல்ல இலையெல்லாம் கப்பலேறிவிடும். எண்பதுகளில் குவைத்துக்கும் சவூதிக்கும் போன நம்மவர்கள் திரும்பி வருகையில் பெட்டிக்குள் சோப்புக்கட்டி, சென்ட் போத்தல், தைலம் ஆகியவற்றோடு தேயிலைப் பக்கற்றும் கொண்டுவருவார்கள். அரபு எழுத்துப் போட்ட அந்தப் பக்கற்றில் இருந்தது இலங்கைத் தேயிலை! வெளிநாட்டுச் சாமான் என்று அதை விருந்தாளிகளுக்கு மட்டும் ஊற்றிக் கொடுத்த வீடுகளை நானறிவேன்.

முதலில் வந்தது ஜோர்ஜியா. விந்தை என்னவென்றால், அதே மாதம் பக்கத்து மேசைக்காரருக்கும் ஜோர்ஜியாதான் வந்ததாம். அவருக்குப் போத்தல், எமக்கு உறை. மண்ணுக்குள் புதைத்த பெருஞ்சாடிகளில் மது செய்யும் தேசம் அது. எட்டாயிரம் வருடத்துப் பழைய சாடித் துண்டுகளில்கூடத் திராட்சை மதுவின் தடயம் கிடைத்திருக்கிறது. அங்கே தேயிலை வந்தது நேற்றுப்போலத்தான். 1893இல் லியூ ஜுன்ஜோ என்னும் சீனர் ஒருவர் அழைப்பின்பேரில் ஆட்களோடு வந்து, கருங்கடலோரத்துப் பத்தூமி நகருக்கருகே சக்வாவில் தோட்டம் அமைத்தார். அவரை ரஷ்யப் புகைப்படக் கலைஞர் புரொகூதின் கோர்ஸ்கி வர்ணத்தில் எடுத்த படம் இணையத்தில் கிடைக்கிறது. முதலாம் உலக யுத்தத்துக்கு முந்தியதென்று நம்பவே முடியாத வர்ணம். சீன உடையில், நெஞ்சில் பதக்கத்தோடு, தேயிலைச் செடிகளின் நடுவே நிற்கிறார். பத்திரிகைக்காரனுக்குப் படம் கிடைத்தால் போதுமே. அன்றிரவு முழுவதும் அந்த மனிதரைப் பற்றியே தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு சோவியத் யூனியனில் விளைந்த தேயிலையில் பெரும்பகுதியைக் கொடுத்தது ஜோர்ஜியாதான். கொழுந்து பறிக்க இயந்திரம் கண்டுபிடித்து, மலைமலையாகப் பறித்து, கொழுந்தோடு தண்டையும் முற்றலையும் சேர்த்து அரைத்து, பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள். 1991இல் சோவியத் சரிந்தது. உள்நாட்டுச் சண்டை வந்தது. வாங்க ஆளில்லை. தோட்டங்கள் காடேறின. இப்போது சிலர் அந்தக் காட்டை வெட்டி, பழைய செடிகளைத் தேடியெடுத்து, கையால் பறித்து, சிறு அளவில் செய்கிறார்கள். எனக்கு வந்ததும் அப்படியொன்று. சாயம் இளஞ்சிவப்பு, துவர்ப்பு இல்லவே இல்லை, தேன் கலந்தாற்போல் ஒரு முடிவு. "இதென்ன, சாயமே இறங்கல்ல" என்றாள் மனைவி. நானும் முதற் கோப்பையில் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது கோப்பையில், கைவிடப்பட்டு முப்பது வருடம் நின்ற செடியின் இலை இது என்ற எண்ணம் வந்து சேர்ந்தது. சுவையையும் எண்ணத்தையும் பிரித்துப் பார்க்கும் ஆற்றல் எனக்கில்லை.

மலாவியும் அஸோர்ஸ் தீவுகளும் ஒன்றாக வந்தன. மலாவித் தேயிலையில் நமக்கொரு பங்குண்டு. 1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளில் விழுந்த இலைநோய் இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழிலையே துடைத்தெறிந்தது. இங்கிருந்தவர்களில் சிலர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் காட்டிய வழியில் தேயிலைக்கு மாறினர், சிலர் கப்பலேறினர். அப்படிப் போன ஹென்றி பிரவுன் என்ற தோட்டக்காரர் மலாவியின் முலாஞ்சே மலையடிவாரத்தில் தேயிலை நட்டார். ஆபிரிக்காவில் வர்த்தகத்துக்காகத் தேயிலை வளர்த்த முன்னோடி நாடுகளுள் ஒன்று மலாவி. போர்த்துக்கேயரின் அஸோர்ஸ் தீவுகளிலோ நோயில் அழிந்தவை தோடை மரங்கள். அங்கு 1883இல் தொடங்கிய கொரெயானா தோட்டம் இன்னும் இயங்குகிறது. மெல்லிய, மரியாதையான தேயிலை. அதற்குமேல் அதைப்பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

ஈரானின் லாஹிஜான் தேயிலையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அந்த நாட்டுக்கு எண்ணெய்க்காகக் கொடுக்கவேண்டிய 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் நாம் ஒப்பந்தம் செய்தோம். அவர்களிடம் சொந்தத் தேயிலை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஈரானின் தூதுப் பிரதிநிதியாக இந்தியாவிலிருந்த காஷிப் அஸ்ஸல்தனா கற்றுக்கொண்டு போய் நட்டது அது. அவர் அடங்கியிருக்கும் இடமே இன்று தேயிலை அரும்பொருட்சாலை.

அடுத்து வந்த உறையின்மேல் ருவாண்டா என்றிருந்தது.

அந்தப் பெயரைக் கண்டதும் கை சற்றுத் தயங்கியது. 1994இல் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் உதவி ஆசிரியர். இருபத்தாறு வயது. ஏப்ரல் 7ஆம் திகதிக்குப் பிறகு நூறு நாட்கள் அந்த நாட்டின் பெயர் தொலைச்செய்தி இயந்திரத்தில் வந்துகொண்டேயிருந்தது. நான் கிழித்தெடுத்து, மொழிபெயர்த்து, நேற்றைய எண்ணிக்கையை வெட்டி இன்றைய எண்ணிக்கையைப் போட்டேன். எட்டு இலட்சம் பேர் என்று பின்னாளில் கணக்கு வந்தது. தேவாலயங்கள், ஆற்றில் மிதந்த உடல்கள். என் தமிழில் ருவாண்டா என்பது அவ்வளவுதான். அங்கே மலை உண்டா, காலையில் மக்கள் என்ன குடிப்பார்கள் என்று எனக்குள் ஒரு கேள்விகூட எழவில்லை. நம்முடைய கிழக்கிலும் அப்போது நடந்துகொண்டிருந்தவை அப்படியானவை. மிச்சம் வைக்க மனதில் இடமில்லை என்று இன்றைக்கு ஒரு சாக்குச் சொல்லலாம்.

அட்டையில் இருந்த குறிப்பு: ஆயிரம் குன்றுகளின் நாடு, 1952இல் தேயிலை வந்தது, வடக்கே முலிந்தியில் தொடங்கியது. முலிந்தி! அந்தப் பெயரை நான் தமிழில் எழுதியிருக்கிறேன். படுகொலையை நிறுத்திய கிளர்ச்சிப் படையினரின் தலைமையகம் என்று. அது ஒரு தேயிலைத் தொழிற்சாலை வளவு என்பதை எழுதியிருந்தால்கூட ஒரு வரியாகத் தாண்டிப்போயிருப்பேன். கேத்தலில் நீர் கொதித்துத் தணியுமட்டும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலை அருமையானது. பொன்னிறச் சாயம், எலுமிச்சைத் தோலின் மணம், முடிவில் சுத்தமான ஒரு துவர்ப்பு. வந்தவற்றுள் மிகச் சிறந்தது எதுவென்று மருமகன் கேட்டபோது தயங்காமல் அதைத்தான் சொன்னேன்.

ஏன் அந்தப் பெயர் என்னை அப்படி உலுக்கியது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, எங்களுக்குக் கூப்பிடுதூரத்திலுள்ள சாய்ந்தமருதில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் கூட்டாளிகள் ஒளிந்திருந்த வீட்டில் குண்டுகள் வெடித்தன. ஆறு குழந்தைகள் உட்படப் பதினைந்து பேர் மாண்டார்கள். விடிவதற்குள் சாய்ந்தமருது என்ற பெயரை உலகத்தின் எல்லாச் செய்தி நிலையங்களும் வாய்க்கு வந்தபடி உச்சரித்தன. அதற்கு முன்னர் இந்தக் கரையின் பெயர்கள் வெளியே போனது 2004 சுனாமியின்போது. நாட்டிலேயே கூடுதலான உயிர்களை, 10,000க்கும் மேற்பட்டோரை, இழந்தது அம்பாறை மாவட்டம். எங்கோ ஓர் ஊரில் என்னைப்போல ஓர் உதவி ஆசிரியர் இரண்டு முறையும் எங்கள் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எண்ணிக்கையை வெட்டித் திருத்தியிருப்பார். மருதமுனைக் கைத்தறிச் சாரனையோ, இங்கத்தைச் சட்டித் தயிரையோ அவர் எப்படி அறிவார்?

இனி வாப்பாவின் கதைக்கு வருகிறேன். கல்முனைக் கடைத்தெருவில் வாப்பாவுக்குத் தேநீர்க் கடை இருந்தது. எழுபதுகளின் பஞ்ச காலத்தில் சீனி கூப்பனுக்கு; ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் சாயத்தை உறிஞ்சினார்கள் வாடிக்கையாளர்கள். அந்த நாளில் தேயிலையின் குணம் ஒளிந்துகொள்ள இடமில்லை. வாப்பா பதுளையிலிருந்து வரும் லொறிக்காரர் ஒருவரிடம் மட்டும்தான் தேயிலை வாங்குவார். அதிலும் ஆடி, ஆவணியில் வருவதைத் தனியே, ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டியில் பூட்டி வைப்பார். "கச்சான் தேயிலை" என்பார். அது அவர் வைத்த பட்டப்பெயர் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

அல்லவாம். ஊவாவின் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுப்பதே அந்தக் காற்றுத்தான் என்பதை இந்தப் பெட்டிகள் வரத்தொடங்கிய பிறகு படித்தேன். தென்மேல் பருவக்காற்று மலைக்கு அப்புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்டு, இப்பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாச் சரிவுகளில் கொழுந்து அந்த வரட்சியில் தவித்துத் தன் மணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அதே காற்று மேலும் இறங்கி நமது வயல்வெளியைத் தாண்டி, கல்முனைத் தெருவில் புழுதி கிளப்பி, நம் உதடுகளை வெடிக்க வைத்துக் கடலுக்குப் போகிறது. வாப்பா அதைப் படித்தறிந்தவரல்லர்.

1990ஆம் ஆண்டின் குழப்பங்களோடு கடை போயிற்று. அதற்குப் பிறகு வாப்பா வீட்டில் உம்மா தந்த தூள்த் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இன்னும் எட்டு வருடம் இருந்தார். தேயிலை பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

சென்ற ஆவணியில் பதுளையிலுள்ள ஒரு பழைய நண்பரிடம் சொல்லி, அந்த மாதமே பறித்த ஊவாத் தேயிலையில் கால் கிலோ வருவித்தேன். வந்ததும் எனக்கொரு குறும்பு தோன்றியது. ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நண்பர்களை அழைத்தேன்: ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், மருதமுனைப் புடவை வியாபாரி ஒருவர், கவிஞர் ஒருவர். மீன் வியாபாரத்தை மக்களிடம் விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் என் மூத்த காக்காவும் வந்தார். பெயரெழுதாத ஐந்து கோப்பைகள். ஊவா, கென்யா, நேபாளத்தின் இலாம், ருவாண்டா, மலாவி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஒரே கொதிநீர், சீனி இல்லை. எது எதுவென்று அறிந்தவள் மனைவி மட்டும். நமது நாட்டுத் தேயிலை எது என்று சொல்லவேண்டும்.

அதிபர் முதலில் ஒரு விரிவுரை ஆற்றினார்: 1972இல் நாட்டின் பெயர் மாறியும் தேயிலை மட்டும் இன்னும் சிலோனாகவே இருப்பது பற்றி, 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடைசெய்ததும், 30 கோடி கிலோவை எட்டியிருந்த உற்பத்தி அடுத்த வருடமே 25 கோடியளவுக்கு விழுந்தது பற்றி. பின்னர் மூன்றாவது கோப்பையை உயர்த்தி, "சந்தேகமே இல்லை, இதுதான் நம்முடையது" என்றார். புடவை வியாபாரியும் அதையே சொன்னார். கவிஞரும் அதையே. நல்ல கறுப்புச் சாயம், தொண்டையில் பிடிக்கும் கடுப்பு. நானும் ஒவ்வொன்றையும் உறிஞ்சி யோசித்துவிட்டு, மூன்று மாதம் தேயிலை படித்தவன் என்ற மிதப்பில் அதையேதான் காட்டினேன்.

அது கென்யா. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திர முறையில் செய்தது. டஸ்ட் குடித்துப் பழகிய எங்கள் நால்வரின் நாவும் அதைத்தான் தாய்நாடென்று கண்டுகொண்டது. ஊவாக் கோப்பையை அதிபர் "இது ஏதோ ஜப்பான் பக்கம்" என்று தள்ளி வைத்திருந்தார். தேநீர்க் கடைக்காரர் மகனாகிய நான் அதை நேபாளம் என்றிருந்தேன்.

காக்கா அதுவரை வாய் திறக்கவில்லை. பத்து வயதிலிருந்து வாப்பாவோடு கடையில் நின்றவர். நான் பள்ளிக்கூடம் போனேன், அவர் கோப்பை கழுவினார். சிரிப்பெல்லாம் அடங்கிய பின், அதிபர் தள்ளிவைத்த கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். ஆறிப்போயிருந்தது. ஒரு மிடறு குடித்தார். மூக்கால் மெல்ல மூச்சை விட்டார்.

"இது வாப்பாட கடைத் தேயிலை" என்றார்.

மனைவி தலையசைத்தாள். நான் மறுபடி அந்தக் கோப்பையை வாங்கிக் குடித்துப் பார்த்தேன். வேப்பிலையோ கர்ப்பூரமோ என்று சொல்லமுடியாத ஒரு குளிர்ச்சி மூக்குக்குள் ஏறியது. மற்றெந்தக் கோப்பையிலும் அது இல்லை. என் சிறுவயதில் அது என் உடுப்பில்கூட மணத்திருக்க வேண்டும்.

மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் எல்லோரும் எழுந்தார்கள். காக்கா குசினிக்குள் போய், மிச்சமிருந்த ஊவாப் பக்கற்றை யாரையும் கேட்காமல் எடுத்து மடியில் செருகிக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டார். கென்யாவை அதிபருக்குக் கொடுத்துவிட்டேன். ருவாண்டாவில் ஒரு நான்கைந்து கரண்டி இருக்கிறது. மனைவியின் கண்ணில் படாமல் புத்தக அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். சந்தா அடுத்த மாதத்தோடு முடிகிறதாம், புதுப்பிக்கவா என்று மருமகன் கேட்டு எழுதியிருக்கிறான். புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். லண்டன் போகும் யாராவது ஆவணி கழித்து அகப்பட்டால் சொல்லுங்கள், பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு பொதி கொடுத்துவிட வேண்டும்.